வாசகர் கேள்வி: ஆலயத்தின் முகப்பு யாரிடம் பேசுகிறது?

திருச்சபை தன்னைப் பற்றியும் தன் நற்செய்தியைப் பற்றியும் பிறருக்கு எவ்வாறு எடுத்துரைக்க வேண்டும் என்பது குறித்து வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் ஆறு கேள்விகளுக்கு, திருச்சபை இதழ் ஒன்றில் நெடுங்காலம் ஆசிரியராகப் பணியாற்றிய நம் பத்தியாளர் பதிலளிக்கிறார். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஐயா, எங்கள் ஆலயப் பிரதிஷ்டையின் 150-ஆம் ஆண்டு நெருங்குகிறது. அதையொட்டி ஊர் எல்லையில் தோரண வாயில், மின்னணுப் பெயர்ப்பலகை, ஆலயத்துக்கென்று தனிச் சின்னம், இணையதளம் ஆகிய நான்கையும் செய்வதாகச் சேகரக் கமிட்டி (எங்கள் சபை நிர்வாகக் குழு) தீர்மானித்திருக்கிறது. கையிலிருக்கும் பணம் இரண்டுக்குத்தான் போதும். எவற்றைச் செய்யலாம்?
– சேகரக் கமிட்டிச் செயலர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் ஊருக்கு முதன்முறையாக வருபவரைப் போலப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி ஆலயம் வரை நடந்து பாருங்கள். வழியில் கண்ணில் படும் எழுத்துகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தென்மாவட்டத்துப் பழைய ஆலயங்கள் பலவற்றில் நான் இவ்வாறு எழுதிப் பார்த்திருக்கிறேன். அடிக்கல் நாட்டியவர், கோபுரத்தைப் புதுப்பித்தவர், மின்விசிறி உபயம் செய்தவர், அப்போதைய பேராயர், குருவானவர், செயலர், பொருளர் என முப்பது நாற்பது பெயர்கள் கல்லில் கிடைக்கும். ஆராதனை எத்தனை மணிக்கு என்ற ஒரு வரி மட்டும் கிடைக்காது. கிடைத்தாலும் அது மூன்று குருவானவர்களுக்கு முந்திய நேரமாக இருக்கும்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை, பட்டுத்தான் சொல்கிறேன். வேலை நிமித்தமாக வேறொரு மாவட்டத்தில் தங்கியிருந்த காலத்தில், பலகையில் காலை 8.30 என்று கண்டு ஓர் ஆலயத்துக்குச் சென்றேன். சபையார் ஆராதனை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கோடைக்காலமாகையால் ஏழு மணிக்கு மாற்றிவிட்டதாகவும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றும் வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் சொன்னார். அவர் அன்பானவர், தம் வீட்டுக்குக் காபி குடிக்கவும் அழைத்தார். ஆனால் அவர் சொன்ன அந்த ‘எல்லாரு’க்குள் நான் இல்லை என்பதை அந்தப் பலகை அதற்கு முன்பே எனக்குச் சொல்லிவிட்டிருந்தது.

ஆகவே முதலில் பலகையைச் செய்யுங்கள். அது மின்னணுப் பலகையாக இருக்க வேண்டும் என்பதில்லை. கையால் எழுதியதே போதும், மாதத்துக்கு ஒருமுறை அதைச் சரிபார்ப்பதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கினால். ஆலயத்தின் பெயர், ஆராதனை நேரம், எந்த ஞாயிறு திருவிருந்து (நற்கருணை), குருவானவரின் அலுவலகத் தொலைபேசி எண், ‘யாவரும் வரலாம்’ என்ற ஒரு வரி ஆகியவை அதில் இருக்கட்டும். இந்தக் கடைசி வரி தேவையா என்று கமிட்டியில் யாரேனும் கேட்பார்கள். ஆலயத்துக்குள் அழைப்பில்லாமல் நுழையலாமா என்று தயங்கி, வாசலோடு திரும்பிப் போனவர்களை நான் அறிவேன். அவர்களுக்காகவே அந்த வரி. கூகுள் வரைபடத்தில் உங்கள் ஆலயம் இருக்கும் இடத்தில் இதே நேரங்களைப் பதிவதற்குச் செலவே இல்லை. இணையதளம் வேண்டுமென்றால் இவற்றோடு ஆலய வரலாற்றையும் சேர்த்த ஒரே பக்கம் போதும். நாற்பது பக்கங்களோடு தொடங்கிய தளங்கள் இரண்டாம் ஆண்டிலேயே பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு நின்றுபோவதைத்தான் பார்க்கிறோம்.

தனிச் சின்னம் வேண்டாம் என்பது என் கருத்து. உங்களுக்கு ஏற்கெனவே நல்ல சின்னம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் விளக்குவதில்லை என்பதுதான் குறை. பலகையில் ‘சி.எஸ்.ஐ.’ என்ற மூன்றெழுத்தைப் பார்க்கும் வெளியூர்க்காரருக்கு அது ஏதோ நிறுவனத்தின் பெயராகவே தோன்றும். அது தென்னிந்தியத் திருச்சபை என்பதும், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் முதலிய வெவ்வேறு மரபுகளில் வந்த சபைகள் தங்கள் தனிப் பெயர்களை விட்டுக்கொடுத்து 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27 அன்று சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றாயின என்பதும், அதற்கான வித்து 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய போதகர்களால் ஊன்றப்பட்டது என்பதும் உங்கள் வாலிபர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சிலுவையோடு தாமரை இணைந்த அந்தச் சின்னம் இந்த மண்ணில் வேரூன்றிய சபை இது என்பதைச் சொல்கிறது. அதைப் பெரிதாக வரைந்து, கீழே இரண்டு வரி விளக்கம் எழுதிவிட்டால் புதுச் சின்னத்துக்கான தேவை தீர்ந்துவிடும்.

தோரண வாயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். நம் முன்னோர் ஊரின் பெயரையே அறிவிப்பாக்கினார்கள். 1799-இல் புதிதாகக் குடியேறிய கிறிஸ்தவர்கள் தங்கள் குடியிருப்புக்கு ‘முதலூர்’ என்று பெயரிட்டார்கள். மெய்ஞ்ஞானபுரமும் நாசரேத்தும் அவ்வாறே பெயர் பெற்றன. வாயில் எதுவும் இல்லாமலே அந்தப் பெயர்கள் தாம் யார் என்பதைச் சொல்லிவிட்டன. மிஞ்சும் பணத்தில் உங்கள் ஆலயத்தின் வரலாற்றை எழுதுங்கள். குருவானவர்களின் பட்டியலாக அது முடிந்துவிடாமல், பஞ்சகாலத்தில் இந்த ஆலயம் யாருக்குச் சோறிட்டது, இங்கிருந்த பள்ளியில் முதலில் படித்த பெண்பிள்ளைகள் யார், இவ்வூரின் உபதேசியார்கள் நடந்தே சென்ற கிராமங்கள் எவை என்று எண்பது வயதைக் கடந்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். வாயிலை 151-ஆம் ஆண்டிலும் கட்டலாம்.

கேள்வி: ஐயா, நான் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் ‘இரட்சிப்பு’, ‘கிருபை’, ‘நீதிமானாக்கப்படுதல்’ ஆகிய சொற்களை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். பொருள் கேட்டால் விழிக்கிறார்கள். எளிய தமிழில் சொல்லிக்கொடுத்தால், ‘வேதத்தின் வார்த்தையை மாற்றுகிறாய்’ என்று மூத்தவர்கள் வருத்தப்படுகிறார்கள். நான் செய்வது தவறா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அன்புச் சகோதரி, தாங்கள் செய்வது தவறன்று, தமிழ்த் திருச்சபை நாநூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவருவதும் அதுவே. அதற்காக மூத்தவர்களின் வருத்தத்தைப் பொருளற்றதென்று ஒதுக்கிவிடவும் முடியாது. இரண்டுக்கும் வரலாறு இருக்கிறது.

1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் என்று அறியப்படுவது அதுதான். முத்துக்குளித்துறை மக்களிடையே வாழ்ந்த போர்த்துகீசியக் குருவான அண்டிரிக் அடிகளார் அதில் கடவுளுக்கு இட்ட பெயர் ‘தம்பிரான்’. அது அம்மக்கள் அறிந்த சொல். அடுத்த ஆண்டு கொச்சியில் அவர் அச்சிட்ட ‘கிரிசித்தியானி வணக்கம்’ குருவும் சீடனும் வினாவி விடை கூறும் அமைப்பில் அமைந்தது. (நம் பத்தியின் வடிவம் புதிதன்று என்பதை இதழாசிரியர் கவனிக்க.) பின்னால் வந்தவர்கள் ‘சருவேசுரன்’ என்றார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானிய மிஷனெரி பப்ரிசியுஸ் ஐயர் தம் வேதாகம மொழிபெயர்ப்பில் ‘பராபரன்’ என்றார். 1871-இல் மிஷனெரி பவர் ஐயர் தலைமையில் முடிந்த மொழிபெயர்ப்பில் அது ‘தேவன்’ ஆயிற்று. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் ‘கடவுள்’ என்று நிற்கிறது. இத்தனை பெயர்களிலும் தொழப்பட்டவர் ஒருவரே. ஒவ்வொரு தலைமுறையும் தன் பிள்ளைகளுக்குப் புரியும் சொல்லைத் தேடியிருக்கிறது.

மறுபுறத்தையும் பாருங்கள். 1820-களில் மிஷனெரி ரேனியுஸ் ஐயர் பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பைத் திருத்தத் தொடங்கியபோது, அதைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் ஒருவர் கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். குறவஞ்சி என்ற நாட்டார் நெருக்கமுள்ள வடிவத்தை எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர் அவர். புதுமைக்கு அஞ்சியவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆயினும் தம் சபை இரண்டு தலைமுறைகளாகக் கண்ணீரோடு வாசித்த வரிகளை, அச்சபையாரைக் கேளாமல் திருத்துவதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அன்று அவர் காக்க நினைத்த ‘பராபரன்’ இன்று வழிபாட்டில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இன்று மூத்தவர்கள் காக்கும் ‘தேவன்’ அதன் இடத்தைப் பிடித்த சொல். இந்தச் செய்தியை அவர்களிடம் வெற்றிக் குரலில் அல்லாமல் பணிவாகச் சொன்னால், பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார்கள்.

வகுப்பறையில் என்ன செய்யலாம் என்றால், பழைய சொல்லை எடுத்துவிடாமல் அதன் அருகில் புதிய சொல்லை நிறுத்துங்கள். ‘ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்’ என்பதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யட்டும். அந்த ஓசை வாழ்நாள் முழுதும் உடன் வரும். ‘சிருஷ்டித்தார் என்றால் படைத்தார்’ என்று உடனே சொல்லிவிடுங்கள். இரட்சிப்பை மீட்பு என்றும், சுவிசேஷத்தை நற்செய்தி என்றும், ஞானஸ்நானத்தைத் திருமுழுக்கு என்றும் சொல்வது கத்தோலிக்க நண்பர்களின் வீட்டில் அன்றாட வழக்கு. அதைக் கடன் வாங்குவதில் குறைவில்லை. கிருபைக்கு அருள் என்ற சொல் உண்டென்றாலும், பிள்ளைகளுக்கு அதைவிட ஒரு கதை நன்றாக விளக்கும்: தேர்வில் தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு, அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் சோறு போட்டது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எளிமை என்ற பெயரில் பாதி ஆங்கிலம் கலந்த பேச்சை மேடையில் கேட்கிறோம். ‘காட் உங்களை பிளெஸ் பண்ணுவார்’ என்பது இரட்சிப்பை விடப் பிள்ளைக்கு எளிதாக இருக்கலாம். ஆனால் வாசற்படியில் நின்று கேட்கும் அதன் பாட்டிக்கு அது எளிதன்று.

கேள்வி: ஆராதனையை யூடியூபில் நேரலையாக ஒளிபரப்புகிறோம். மூன்று கேமராக்கள் உண்டு. பார்ப்பவர்களோ முப்பதைத் தாண்டவில்லை. நான்காவது கேமரா வாங்கலாமா?
– வாலிபர் சங்க உறுப்பினர், சென்னை

பதில்: வாங்க வேண்டாம், தம்பி. முதலில் அந்த முப்பது பேர் யார் என்று பாருங்கள். படுக்கையிலிருக்கும் முதியவர்களும் வளைகுடா நாடுகளில் பணியாற்றும் உங்கள் சபைப் பிள்ளைகளுமாக இருந்தால், அந்த ஒளிபரப்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது தெளிவான ஒலி. கேமராவோடு வரும் ஒலிவாங்கியை நம்பாமல், ஒலிபெருக்கிக் கருவியிலிருந்து நேரடியாக ஒலியை எடுங்கள். பாமாலை எண்ணையும் பாடல் வரிகளையும் திரையில் காட்டினால் அவர்களும் உடன் பாடுவார்கள்.

புதியவர்களுக்கு நேரலை ஏற்ற வாயில் அன்று. ஆலயத்தையே அறியாதவர் இரண்டு மணி நேர ஆராதனையில் நடுவில் நுழைந்தால் என்ன விளங்கும்? அவர்களுக்காக ஐந்து நிமிடக் காணொளிகளைச் செய்யுங்கள்: சாம்பல் புதன் என்றால் என்ன, திருவிருந்தில் என்ன நடக்கிறது, ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பது எதற்காக. திருவிருந்து பெறுபவர்களின் முகத்தையும், கண்ணீரோடு ஜெபிப்பவர்களையும் நெருக்கமாகக் காட்டுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். அவர்கள் கேமராவுக்கு முன்னால் முழங்காலிடவில்லை.

கேள்வி: நான் கிறிஸ்தவன் அல்லன், ஓய்வுபெற்ற தமிழாசிரியன். முப்பது ஆண்டுகளாக ஓர் ஆலயத்துக்கு அடுத்த தெருவில் வசிக்கிறேன். பண்டிகை நாட்களில் ஒலிபெருக்கி கேட்கிறது. மார்கழியில் கரோல் பாடுபவர்கள் நள்ளிரவில் எங்கள் தெருவைக் கடந்து தங்கள் வீடுகளுக்கு மட்டும் போகிறார்கள். நீங்கள் சொல்லும் நற்செய்தி எங்களுக்கும் உரியதென்றால், ஏன் யாரும் எங்களிடம் பேசுவதில்லை?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ஐயா, இந்தப் பத்திக்கு வந்த கடிதங்களுள் தங்களுடையதைத்தான் மீண்டும் மீண்டும் படித்தேன். முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்தலாகாது. பகலிலும் குடியிருப்புப் பகுதியில் 55 டெசிபலே அளவு. சில பண்டிகை நாட்களுக்கு அரசு நள்ளிரவு வரை தளர்வு தரலாமே தவிர, அது வழக்கமான உரிமை அன்று. தாங்கள் இதை எடுத்துச் சொன்னால் ஆலயத்தார் கோபிக்கக் கூடாது. கோபித்தால் குறை அவர்களுடையது.

தங்கள் கேள்வியின் உட்பொருள் அதைவிட ஆழமானது. ஒலிபெருக்கி தெருவை நோக்கிப் பேசும். தெருவில் இருப்பவரோடு பேசாது. சபையார் வெளியாரிடம் பேசத் தயங்குவதற்கு, மதமாற்றம் செய்கிறார்கள் என்ற பழி வந்துவிடுமோ என்ற அச்சம் ஒரு காரணம். நமக்கு நாமே போதும் என்ற சோம்பல் மற்றொரு காரணம். அது அச்சத்தைவிடப் பெரிதென்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் பக்கத்து ஊர்களில் அசனம் என்னும் ஆலயப் பொது விருந்தன்று சாதி, மதம் பாராமல் எல்லாரும் பந்தியில் அமர்வதைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெரும் அண்டாச் சோற்றுக்கு முன்னால் துண்டுப்பிரதி எதற்கு? அந்த ஒரு நாளின் பழக்கம் மற்ற நாட்களுக்கு நீளவில்லை என்பதே தங்கள் கடிதம் சொல்வது.

இதைப் படிக்கும் சபையாருக்கு: வரும் மார்கழியில் கரோல் குழு செல்லும் தெருக்களின் பட்டியலில் உங்களைச் சேராதவர்களின் வீடுகளும் இருக்கட்டும். முன்கூட்டியே கேட்டு, அவர்கள் விரும்பினால் மட்டும், மாலை எட்டு மணிக்குள் போய் ஒரே ஒரு பாட்டுப் பாடிவிட்டு வாருங்கள். காணிக்கைப் பையை மட்டும் அங்கே நீட்டாதீர்கள்.

கேள்வி: எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் ஜெப விண்ணப்பங்களைப் பெயர், நோய், மருத்துவமனை, அறை எண் வரை பதிகிறார்கள். இது சரியா?
– ஒரு செவிலியர், நாகர்கோவில்

பதில்: சரியன்று. இருநூறு பேர் உள்ள குழுவில் பதிந்தது இரகசியமாக இருக்காது. ஒருவருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டதை அவருடைய மாமியாருக்கு முன்பே சபை அறிந்துகொள்வதெல்லாம் நடக்கிறது. தனிநபர் தரவைக் காக்க 2023-இல் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது என்றாலும், இதற்குச் சட்டம் வேண்டியதில்லை. ‘நம் சபைச் சகோதரி ஒருவர் சுகவீனமாயிருக்கிறார்’ என்பது ஜெபிக்கப் போதும். பெயரைச் சேர்ப்பது அவருடைய சம்மதத்தோடு மட்டுமே. அறிவிப்புகளுக்கென்று, நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடிய தனிக் குழு ஒன்று இருந்தால், காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அடக்க ஆராதனையின் நேரம் தொலைந்துபோகாது.

கேள்வி: நான் அச்சகம் நடத்துகிறேன். எங்கள் ஆலயத்தின் அழைப்பிதழ்களை நான்தான் வடிவமைக்கிறேன். ஒவ்வொன்றிலும் திருச்சபைச் சின்னத்தோடு ‘எல்லாரும் ஒன்றாயிருக்கும்படி’ என்ற வாசகத்தையும் சேர்க்கிறேன். ஆனால் எங்கள் கல்லறைத் தோட்டம் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. அந்த வரியைச் சேர்க்கும்போது கை கூசுகிறது. எடுத்துவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: எடுக்க வேண்டாம். அந்த வரி நாம் அடைந்துவிட்ட நிலையைச் சொல்லும் விளம்பர வாசகம் அன்று. யோவான் எழுதிய சுவிசேஷத்தின் 17-ஆம் அதிகாரத்தில், பாடுபடப்போகும் இரவில் இயேசு செய்த வேண்டுதல். நிறைவேறாத வேண்டுதலை அச்சிடுவதில் பொய்யில்லை. நிறைவேறிவிட்டதைப் போல அதன் கீழே நின்று சிரித்தபடி புகைப்படம் எடுத்துக்கொள்வதில்தான் பொய் இருக்கிறது.

கட்டடமும் நிலமும் பேசும் என்பதற்கு நம் மாவட்டங்களிலேயே சான்று உண்டு. வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கத்தோலிக்க ஆலயம், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடங்கள் கவட்டை போல விரியுமாறு கட்டப்பட்டது. சாதிக்கொரு கூடமாக மக்கள் அமர்ந்தார்கள். இடையில் சுவர் நின்றது. பீடத்தில் எத்தனை அருமையான மறையுரை நிகழ்ந்திருந்தாலும், அந்தச் சுவர் செய்த பிரசங்கத்தை அது மிஞ்சியிருக்காது. 1910-இல் சுவர் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. மேலே நான் மதிப்போடு குறிப்பிட்ட வேதநாயக சாஸ்திரியாரும், திருவிருந்தில் சாதி வேறுபாட்டைக் கைவிடச் சொன்ன மிஷனெரிமாரை எதிர்த்தவர்தான். நம் பெரியவர்களின் பாட்டை வாங்கிக்கொண்டோம்; அவர்களுடைய இந்தப் பிடிவாதத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

அழைப்பிதழ் உங்கள் கையில் இருக்கிறது; கல்லறைத் தோட்டம் கமிட்டியின் கையில் இருக்கிறது. இனி அடக்கம் செய்யப்படுவோருக்கு, இறந்த நாளின் வரிசைப்படியே இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்ற ஒரே கோரிக்கையை எழுதுங்கள். உங்களைப் போல் எண்ணும் நான்கைந்து குடும்பத்தாரின் கையொப்பத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள். தனியொருவரின் கடிதமாக இருந்தால் அது மேசை இழுப்பறைக்குப் போய்விடும். சேகர குருவானவரிடம் நேரில் கொடுத்து, அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். முதல் கூட்டத்தில் ஒத்திவைப்பார்கள். அதற்கடுத்த கூட்டத்துக்கும் அதே கடிதத்தை, தேதியை மட்டும் மாற்றி, உங்கள் அச்சகத்திலேயே அச்சிட்டுக் கொண்டுபோங்கள்.